வேலையை விடாமல் எம்.பி.பி.எஸ். விண்ணப்பிப்பது எப்படி: சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டாவது முறை நீட் எழுதியபோது என் மதிப்பெண்ணுக்கு என் பிரிவில் அரசுக் கல்லூரியில் இடம் இருந்தது. எனக்குக் கிடைக்கவில்லை. நான் பதிவேற்றிய சாதிச் சான்றிதழ் நகல் மங்கலாக இருந்ததால், திரும்ப ஏற்றச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அது போனது என் போனுக்கு அல்ல. விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டர்க்காரரின் எண்ணுக்கு. அந்த வாரம் முழுக்க நான் பெரம்பூரில் ஒரு மருந்துக் கடையின் பில்லிங் கவுன்டரில் டபுள் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். தரவரிசைப் பட்டியலில் என் பெயருக்கு நேரே பொதுப் பிரிவு என்று இருந்ததைப் பார்த்தபோதுதான் விஷயமே தெரிந்தது. ஒரு வருடம் போயிற்று.

மூன்றாவது முறை சீட் கிடைத்தது. இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே விண்ணப்பிக்கும் யாருக்கும் இந்த மாதிரி ஒரு வருடம் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எப்படிப் படிப்பது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பாடத்தை ராத்திரியில் படித்துவிடலாம். தாசில்தார் அலுவலகம் ராத்திரியில் திறந்திருக்காது. நம்மைப் போன்றவர்களுக்குக் குறைவாக இருப்பது பகல் நேரமும் லீவும்தான். ஆகவே கீழே உள்ளவற்றில் நேரில் அலைய வேண்டிய படிகளில் எவ்வளவு லீவு தேவைப்படும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நாலு வருடம் ஆகிவிட்டதே, இனி விடுவார்களா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். விடுவார்கள். நீட் எழுத வயது உச்ச வரம்பு இல்லை; 2022-ல் அதை நீக்கிவிட்டார்கள். இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கும் இல்லை. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருந்தால் போதும்.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். அறிவியல் பாடங்கள் மூன்றும் சேர்ந்து பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் இருக்க வேண்டும். தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்தவர்களுக்கும் சிக்கல் இல்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உங்களுக்கு உண்டு. மாநகராட்சிப் பள்ளியும் இதில் அடக்கம். பள்ளி முடித்த அதே ஆண்டில் எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதுகிறவர்களும் கேட்கலாம். இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் சீட் கிடைத்தால்கூட கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி மட்டும் இதில் வராது. நான் படித்தது அப்படிப்பட்ட பள்ளி என்பதால் எனக்கு இது கிடைக்கவில்லை. உங்களுக்குப் பொருந்தும் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் முதலில் இதற்கான போனஃபைடு சான்றிதழை, அதாவது அந்தப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழை வாங்கிவிடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை எத்தனை பள்ளி மாறியிருக்கிறீர்களோ அத்தனை பள்ளியிலும் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும். கோடை விடுமுறையில் போனால் தலைமையாசிரியரைப் பிடிப்பதே பெரிய வேலையாகிவிடும். டிசம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

லீவு: பள்ளிக்கு ஒரு அரை நாள்.

2. ஒரிஜினல் சான்றிதழ்கள் யார் கையில் இருக்கின்றன?

வேலையில் சேரும்போது பல இடங்களில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நான் முதலில் வேலை பார்த்த இடத்திலும் வாங்கினார்கள். திரும்பக் கேட்டபோது, ஆறு மாதமாவது வேலை பார்த்தால்தான் தருவோம் என்றார்கள். கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நின்ற பிறகுதான் கொடுத்தார்கள்.

கவுன்சலிங்கில் சீட் ஒதுக்கிய பிறகு கல்லூரியில் சேர ஒரு வாரம் கிடைத்தால் பெரிது. அந்த ஒரு வாரத்தில் போய் ஒரிஜினலைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. ஆகவே விண்ணப்பிக்கப் போகும் முந்தைய ஆண்டிலேயே வாங்கிவிடுங்கள். வங்கியில் கணக்கு தொடங்க, கல்விக்கடன் பார்க்க என்று எந்தக் காரணம் சொன்னாலும் சரி. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நகல் மட்டும்தான் தருவேன், ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்துப்போகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நடுவில் பி.எஸ்சி., டிப்ளமோ என்று எதிலாவது சேர்ந்து பாதியில் விட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. உங்கள் டி.சி. அந்தக் கல்லூரியில் இருக்கும். பாக்கிக் கட்டணம் கட்டினால்தான் தருவார்கள். அந்தத் தொகையையும் உங்கள் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கல்லூரி கடைசியாகப் படித்த இடத்தின் டி.சி.யைத்தான் கேட்கும், பள்ளி டி.சி.யின் நகலைக் காட்டிச் சமாளிக்க முடியாது.

மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால் காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கையைப் பதிவு செய்து, அதை வைத்து அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இரண்டாம் படிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், பழைய டி.பி.ஐ. வளாகத்தில் இருக்கிறது. இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

3. பெயரும் இனிஷியலும்

இந்தச் சிக்கல் நம் ஊர்க்காரர்களுக்கே உரியது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்தாக இருக்கும். ஆதாரில் அதே இனிஷியல் அப்பாவின் முழுப் பெயராக விரிந்து கிடக்கும். சாதிச் சான்றிதழில் முன்னால் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இருக்காது. நான்கும் ஒரே ஆள்தான் என்று உங்களுக்குத் தெரியும். சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே மற்ற எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஆதாரை மாற்றுவதுதான் சுலபம். நூறு ரூபாய்க்குள் முடியும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்றப் போனால் வருடம் ஓடிவிடும், அந்த யோசனையே வேண்டாம். ஆதார் வேலையைச் செய்யும்போதே உங்கள் இப்போதைய போன் எண் அதில் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இனி வரும் எல்லா ஓ.டி.பி.யும் அதற்குத்தான் வரும். நம்மில் பலர் ரீசார்ஜ் சலுகைக்காக சிம் மாற்றுகிறவர்கள். இன்றிலிருந்து சேரும் நாள் வரை அந்த ஒரு எண்ணை மட்டும் உயிரோடு வைத்திருங்கள்.

பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர் எழுத்துகளையும் அப்போதே ஒப்பிட்டுவிடுங்கள். இதற்கு ஒரு காலை நேரம் போதும்.

4. இ-சேவையில் வாங்க வேண்டியவை

இ-சேவை மையத்தில் ஒவ்வொரு வருவாய்த்துறைச் சான்றிதழுக்கும் 60 ரூபாய் கட்டணம். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். முதலில் உங்களுக்கென்று ஒரு கேன் எண் (இ-சேவை விண்ணப்பங்களுக்கான அடையாள எண்) உருவாக்குவார்கள். அதில் உங்கள் சொந்த போன் எண்ணையே கொடுங்கள். வாங்க வேண்டியவை இவை:

சாதிச் சான்றிதழ். பழைய அட்டைச் சான்றிதழ் இருந்தாலும், கியூ.ஆர். குறியீடு உள்ள இணையவழிச் சான்றிதழாக வாங்கிக்கொள்வது நல்லது. பதிவேற்றும்போது மங்காது. என் கதையை மேலே சொன்னேன்.

பிறப்பிடச் சான்றிதழ். பள்ளிப் படிப்பில் சில ஆண்டுகளை வெளி மாநிலத்தில் படித்தவர்களுக்கு இது இல்லாமல் மாநில ஒதுக்கீடே கிடையாது. முழுக்க இங்கேயே படித்தவர்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 60 ரூபாய்தான், கடைசி நேரத்தில் கேட்டுவிட்டால் பதறுவதைவிட மேல்.

வருமானச் சான்றிதழ். உதவித்தொகைக்கும் கடனுக்கும் தேவைப்படும். உங்கள் சம்பளத்தையும் சேர்த்துத்தான் குடும்ப வருமானம் எழுதுவார்கள். சம்பளச் சீட்டை எடுத்துப் போங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழ். வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் கல்விக் கட்டணச் சலுகைக்காக இது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே வாங்கியிருந்தால் உங்களுக்குத் தர மாட்டார்கள்.

ஓ.பி.சி. சான்றிதழ். இங்கேதான் பெரிய குழப்பம். பி.சி., எம்.பி.சி. என்று தமிழக அரசு தரும் சாதிச் சான்றிதழ் மாநிலக் கவுன்சலிங்குக்கு மட்டும்தான் செல்லும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு (மத்திய அரசு நிரப்பும் இடங்கள், 8-ஆம் படியில் சொல்கிறேன்) மத்திய அரசின் படிவத்தில் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அது வருமானத்தைப் பொறுத்தது என்பதால் அந்தந்த நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். போன வருடத்தின் சான்றிதழை வைத்துக்கொண்டு இந்த வருடம் போகாதீர்கள். ஏப்ரல் பிறந்ததும் புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள்.

விண்ணப்பம் இணையத்தில்தான் என்றாலும் வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குக் கூப்பிடுவார். வாடகை வீட்டில் இருப்பவர்களை இரண்டு முறைகூட அலைய விடலாம். ஆதாரில் ஒரு முகவரியும் ரேஷன் அட்டையில் வேறு முகவரியும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஒரு சான்றிதழ் ஒன்பது நாளில் வந்தது. இன்னொன்றுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. இரண்டும் ஒரே அலுவலகம்தான். மே, ஜூன் மாதங்களில் பொறியியல், கலைக் கல்லூரி என்று ஊரே இதற்காக வரிசையில் நிற்கும். ஓ.பி.சி. தவிர மற்ற எல்லாவற்றையும் அக்டோபர், நவம்பரிலேயே முடியுங்கள்.

லீவு: மொத்தம் இரண்டு நாள், நான்கு அரை நாள்களாகப் பிரித்து எடுத்தால் நல்லது.

5. ஷிப்ட்டைத் தேர்ந்தெடுங்கள்

முடிந்தால் மதியம் இரண்டு மணி முதல் இரவு பத்து மணி ஷிப்ட்டைக் கேட்டு வாங்குங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. காலை ஆறு முதல் பதினொன்று வரை உங்கள் கையில் இருக்கும். அரசு அலுவலகம் திறந்திருக்கும் நேரமும் அதில் அடங்கும். நான் பகல் ஷிப்ட்டில் இருந்த வருடம் ஒவ்வொரு சான்றிதழுக்கும் சம்பளம் பிடித்தார்கள். மதிய ஷிப்ட்டுக்கு மாறிய பிறகு ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை. இரவு ஷிப்ட் ஒத்துவராது. பகலில் தூங்குகிற உடம்பு, தேர்வு நடக்கிற மதியம் இரண்டு மணிக்கு விழித்திருக்க மறுக்கும்.

வார விடுமுறையன்று மதியம் 2 முதல் 5 வரை முழுத் தேர்வு ஒன்றை ஓ.எம்.ஆர். தாளில் எழுதிப் பாருங்கள். 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறானால் 1 குறையும். உயிரியலில் மட்டும் 90 கேள்வி வருவதால், நேரம் குறைவாக இருப்பவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இயற்பியலை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து உட்காரும்போது, உயிரியல் வரிகள்தான் மனசில் நிற்கும். கணக்குகளைக் காலை நேரத்துக்கு வையுங்கள்.

அண்ணா நகரில் ஓராண்டு முழு நேரப் பயிற்சிக்குப் பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளை ஓட்டிவிடலாம் என்பதால் நான் சேரவில்லை. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அரசுப் பாடநூல்கள், என்.சி.இ.ஆர்.டி. உயிரியல், பழைய வினாத்தாள்கள், ஒரு டெஸ்ட் சீரிஸ், இவ்வளவுதான் என் செலவு. தமிழ் வழியில் எழுதலாம். கேள்வித்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்வியையே இறுதியாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால், கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் பழகிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இடமில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. வட சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூரில் உள்ள முதல்வர் படைப்பகம் என்ற படிப்பு மையம் பக்கம்.

6. நீட் விண்ணப்பம்

2025-ல் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை விண்ணப்பம் திறந்திருந்தது. தேர்வு மே 4. மே மாத முதல் ஞாயிறு என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அந்த ஆண்டுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓ.பி.சி. மற்றும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கு 1,000.

பாஸ்போர்ட் அளவுப் படம், அஞ்சலட்டை அளவுப் படம் இரண்டையும் ஒரே நாளில் எடுங்கள். வெள்ளைப் பின்னணி, காது தெரிய வேண்டும். பதினைந்து பிரதிகளாவது போட்டு வையுங்கள். தேர்வு நாளிலும் கவுன்சலிங்கிலும் சேரும்போதும் அதே படம் தேவைப்படும்.

பிரவுசிங் சென்டரில் போட்டாலும் பரவாயில்லை. ஆனால் போன் எண், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். பணத்தை உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கட்டுங்கள். உறுதிப்படுத்தும் பக்கத்தை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை அங்கேயே உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். தவறு இருந்தால் இன்னொரு விண்ணப்பம் போடாதீர்கள். ஒரே ஆள் இரண்டு போட்டால் நிராகரித்துவிடுவார்கள். திருத்தம் செய்ய சில நாள் தனியாகத் திறப்பார்கள். அதற்குக் காத்திருங்கள்.

7. தேர்வு ஞாயிறு

கடை, ஹோட்டல், டெலிவரி வேலையில் இருப்பவர்களுக்கு ஞாயிறுதான் உயிர் போகிற நாள். மார்ச் மாதமே மேலாளரிடம் தேதியைச் சொல்லி, வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பிவிடுங்கள். முந்தைய சனிக்கிழமையும் சேர்த்துக் கேளுங்கள். சனி இரவு பத்து மணி வரை நின்றுவிட்டு மறுநாள் தேர்வுக்குப் போன முதல் வருடம், வேதியியல் பகுதிக்கு வரும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

மதியம் 1.30-க்குக் கதவை மூடிவிடுவார்கள். அதன் பிறகு யார் அழுதாலும் திறக்க மாட்டார்கள். மையம் ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் விழலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில் குறைவு, பராமரிப்புக்காக ரத்தும் செய்வார்கள். முந்தைய ஞாயிறு அதே நேரத்தில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அரைக் கை மேல்சட்டை, சாதாரணச் செருப்பு. படம் ஒட்டிய அனுமதிச் சீட்டு, ஒரிஜினல் ஆதார், அஞ்சலட்டை அளவுப் படம், கூடுதலாக ஒரு பாஸ்போர்ட் படம். பேனா அங்கே தருவார்கள். போனைக் கொண்டு போகவே வேண்டாம்.

8. கவுன்சலிங்: ஒரே விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் ஆகாது

நீட் எழுதிவிட்டால் தானாகக் கூப்பிடுவார்கள் என்று நினைத்து ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். தேர்ச்சி என்பது வேறு, சீட் என்பது வேறு. 2025-ல் பொதுப் பிரிவுக்கு 144 மதிப்பெண் எடுத்தாலே தேர்ச்சிதான்; அந்த மதிப்பெண்ணுக்கு அரசு இடம் கிடைக்காது.

மாநில ஒதுக்கீடு: அரசுக் கல்லூரி இடங்களில் 85 சதவீதம். கீழ்ப்பாக்கத்தில் பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்துகிறது. அதன் இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2025-ல் ஜூன் முதல் வாரத்திலேயே, நீட் முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பம் திறந்துவிட்டது. தரவரிசைப் பட்டியல் ஜூலை 25-ல் வந்தது. ஜூலை 30-ல் கவுன்சலிங் தொடங்கியது. அரசு ஒதுக்கீட்டுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் (தனியார் கல்லூரிகளில் அதிகக் கட்டணத்துக்குத் தரும் இடங்கள்) தனித்தனி விண்ணப்பம். தினமும் ஒரு முறை உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். சான்றிதழில் குறை இருந்தால் திருத்தச் சில நாள்தான் தருவார்கள். குறுஞ்செய்தியை நம்பி உட்காராதீர்கள். சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு நிமிடம் எடுத்துப் பார்த்திருந்தால் எனக்கு அந்த வருடம் போயிருக்காது.

அகில இந்திய ஒதுக்கீடு: 15 சதவீதம். மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங் குழு நடத்துகிறது. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,000, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 500; திரும்பத் தரும் வைப்புத்தொகை முறையே 10,000, 5,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று டிக் செய்துவிட்டால் வைப்புத்தொகை மட்டும் 2 லட்சம். தெரியாமல் அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். முதல் சுற்றில் கிடைத்ததை வேண்டாம் என்று விட்டால் வைப்புத்தொகை திரும்பும். இரண்டாம் சுற்றில் கிடைத்ததை விட்டால் போய்விடும்.

இந்த வைப்புத்தொகை எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குத்தான் திரும்பும். நண்பரின் கார்டு, கடைக்காரரின் ஜி-பே என்று கட்டிவிட்டால், மாதக்கணக்கில் கழித்து அவர்களிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.

சென்னைக்காரர்கள் பலர் தவறவிடும் ஒரு வழி: அம்மாவோ அப்பாவோ இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உள்ள வேலையில் இருந்தால், கே.கே. நகர் உள்ளிட்ட இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் காப்பீட்டாளரின் பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் உண்டு. அதற்கான சான்றிதழை இ.எஸ்.ஐ. தரும். இது பெற்றோரின் இ.எஸ்.ஐ.க்குத்தான், உங்கள் சொந்த இ.எஸ்.ஐ. எண்ணுக்கு இல்லை.

சித்தா, ஆயுர்வேதம் போன்றவற்றுக்கு அரும்பாக்கத்தில் இருந்து தனி அறிவிப்பு வரும். கால்நடை மருத்துவத்துக்கும் நர்சிங்குக்கும் இங்கே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். அவற்றுக்கும் அதே கோடைகாலத்தில் தனித்தனி விண்ணப்பம். இரண்டாவது வழி ஒன்று வேண்டும் என்றால் இவற்றையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

இந்த நாள்களில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருகிறேன் என்று போன் வரும். முன்பணம் கேட்கும் எவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எல்லா இடங்களும் கவுன்சலிங் வழியாகத்தான்.

9. எவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும்

தமிழக அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்கு இருபதாயிரம் ரூபாய்க்குள். தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் அண்மை ஆண்டுகளில் நான்கரை லட்சத்தை ஒட்டி, நிர்வாக ஒதுக்கீடு 13.5 லட்சம் அளவில். நான்கரை ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். சம்பாதித்துக்கொண்டே படிக்க நினைப்பவருக்கு அரசுக் கல்லூரிதான் வழி. கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி வேண்டும் என்று கொடுக்கும் விருப்பப் பட்டியலில் நான் தனியார் இடம் ஒன்றையும் சேர்க்கவில்லை. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

விண்ணப்பம், வைப்புத்தொகை, சான்றிதழ்கள், படங்கள், பயணம் எல்லாம் சேர்த்து ஜூன் மாதம் 20,000 ரூபாய் தனியாக இருக்க வேண்டும். சேரும்போது முதல் ஆண்டுக் கட்டணம், விடுதி முன்பணம், புத்தகம், வெள்ளைக் கோட் என்று இன்னொரு 40,000 வைத்துக்கொண்டால் நிம்மதி. அஞ்சலகத்தில் மாதம் 2,500 ரூபாய் தொடர் வைப்பு போட்டுத்தான் நான் இதைச் சேர்த்தேன்.

வேலையைத் தொடர முடியுமா என்று கேட்டால், முடியாது. காலையிலிருந்து மாலை வரை வகுப்பும் செய்முறையும். வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுத விட மாட்டார்கள். ஆகவே வீட்டுக்கு நீங்கள் கொடுத்துக்கொண்டிருந்த தொகை நின்றால் என்ன ஆகும் என்பதை முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்விக்கடன் ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கிடைக்கும்; வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டு வங்கிக் கிளைக்குப் போங்கள்.

10. விருப்பப் பட்டியலும் நோட்டீஸும்

சென்னைக்குள் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார் நான்கும் முதலிலேயே நிரம்பிவிடும். வீட்டிலிருந்து போய் வர வேண்டும் என்றால் செங்கல்பட்டையும் திருவள்ளூரையும் மறக்காதீர்கள். இரண்டுக்கும் மின்சார ரயில் இருக்கிறது. சீசன் டிக்கெட் விடுதிச் செலவைவிட மிகக் குறைவு. ஆனால் தினமும் மூன்று மணி நேரம் ரயிலில் போகும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். நான் முதலில் போய் வரலாம் என்று நினைத்துப் பிறகு விடுதியைத்தான் எடுத்தேன்.

கிடைக்காது என்று நீங்களாக முடிவு செய்து எந்த அரசுக் கல்லூரியையும் விட்டுவிடாதீர்கள். பிடித்த வரிசையில் எல்லாவற்றையும் போடுங்கள். பட்டியலைப் பூட்டிய பிறகு அதன் படத்தைச் சேமித்து வையுங்கள்.

வேலையிடத்தில் ஒரு மாத நோட்டீஸ் இருந்தால், தரவரிசைப் பட்டியலில் உங்கள் இடம் தெரிந்ததும் மேலாளரிடம் நேராகப் பேசுங்கள். சீட் உறுதியாகும் முன் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். என் கடை முதலாளி, கடிதத்தைக் கொடுத்த மூன்றாம் நாளே கணக்கு முடித்து அனுப்பினார். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால்தான் அது நடந்தது.

11. சேரும் நாளுக்கான பை

நீட் மதிப்பெண் அட்டை, அனுமதிச் சீட்டு, ஒதுக்கீட்டு ஆணை, பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ், சாதி, பிறப்பிடம், வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்கள், ஆதார், படங்கள். எல்லாவற்றிலும் ஒரிஜினலும் ஐந்து நகலும். ஒரிஜினல்களைக் கல்லூரி வாங்கிக்கொள்ளும், வருடக்கணக்கில் திரும்பி வராது. ஆகவே முந்தைய நாளே எல்லாவற்றையும் நல்ல ஸ்கேனரில் எடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். கல்விக்கடனுக்கும் உதவித்தொகைக்கும் அதுதான் கைகொடுக்கும். படிப்பு இடைவெளிக்கு உறுதிமொழிப் பத்திரம் கேட்டால், கல்லூரி வாசலிலேயே நோட்டரி கிடைப்பார். ஆனால் இரண்டு மடங்கு கேட்பார். சென்னையிலிருந்தே போட்டு எடுத்துப் போங்கள்.